யாழ் மீட்ட அடிகளார்

மதுரைக்கும் யாழுக்கும் உள்ள உறவு பழமையானது. மதுரைக்காஞ்சி காட்டும் நகரத்தில் பெரும்பாணர்க்கென்று தனிக் குடியிருப்பே இருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயிலில் நின்று பாடியபோது, தரையின் ஈரம் தாக்கினால் நரம்பு நெகிழ்ந்துவிடும் என்று அவர் யாழுக்குப் பொற்பலகை இடுமாறு இறைவனே பணித்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். ஈரத்துக்கு அஞ்சிய அம்மெல்லிய கருவி காலப்போக்கில் கையினின்றும் நழுவிப் பாட்டிலும் உரையிலும் மட்டும் எஞ்சியது. அங்கிருந்து அதை மீண்டும் கைக்குக் கொண்டுவர முயன்றவர் பரம்பரைப் பாணரல்லர்; இசைமேடை ஏறிய வித்துவானும் அல்லர். பௌதிகம் கற்ற ஓர் ஆசிரியர்; பின்னாளில் துறவி. அவரே சுவாமி விபுலாநந்த அடிகள்.

ஈழத்தின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பை அடுத்த காரைதீவில், 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் பிறந்தார். சாமித்தம்பி, கண்ணம்மை என்போர் பெற்றோர். இட்ட பெயர் மயில்வாகனன். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டதும் அதே 1892-இல்தான். இது தற்செயலே. ஆயினும் அந்த நூல் அச்சேறியிராவிடில் இந்தக் குழந்தையின் வாழ்வு வேறு திசையிற் சென்றிருக்கும்.

மயில்வாகனனார் படித்தவை இருவேறு உலகங்களைச் சேர்ந்தவை. 1916-இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில், பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் வென்றார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர் என்பர் அவர் வரலாறு எழுதியோர். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்று, யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் இருந்தார். 1922-இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924-இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

காவி உடுத்த அவ்வாண்டிலேயே மதுரை அவரை மீண்டும் அழைத்தது. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நாடகத் தமிழைப் பற்றி அவர் ஆற்றிய உரை விரிந்து வளர்ந்து, ‘மதங்கசூளாமணி’ என்னும் நூலாகச் சங்க வெளியீடாகவே 1926-இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் மரபில் நிறுத்திக் காட்டிய நூல் அது. அதை எழுதுகையில் அரங்கேற்று காதையை வரிவரியாக ஆராய வேண்டியிருந்தது. மாதவியின் அரங்கேற்றத்தை விளக்கும் அக்காதையில் ஆடலாசான், இசையாசான் முதலியோர் வரிசையில் யாழாசிரியனும் வந்து நிற்கிறான். அடிகளாரின் பிற்காலத் தவத்துக்கு வித்து மதுரையிலேதான் ஊன்றப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். பாரதியைப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஏற்கத் தயங்கிய நாளில், அங்கே பாரதி கழகம் கண்டவர் அவர். சிலப்பதிகாரம் கற்பிக்கப் புகுந்தபோதுதான் யாழ் அவரை முழுமையாகப் பற்றிக்கொண்டது.

இடர்ப்பாடு எங்கே இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியில் பல சுரங்களைப் பிறப்பிக்கலாம். யாழிலோ மெட்டில்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஆகவே நரம்புகளின் எண்ணிக்கையும் அவற்றைச் சேர்த்துக் கட்டும் முறையுமே அக்கருவியின் முழு இலக்கணம். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று உரை சொல்லும். எந்த நரம்பை எந்த அளவில் கட்டுவது? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழையும் நிறுத்திக் குரலின் இடத்தை மாற்ற மாற்றச் செம்பாலை முதலாக ஏழு பாலைகள் பிறக்கின்றன. இதைக் கூறும் உரையில் ஒரு சொல்லைப் பிறழக் கொண்டால் ஒரு நரம்பு பிறழும். ஒரு நரம்பு பிறழ்ந்தால் பாலை முழுதும் பிறழும். அடியார்க்குநல்லாரோ தம் காலத்துக்கு முன்பே பல இசைநூல்கள் இறந்துபட்டன என்று குறித்தவர். அவர் உரையிலேயே கானல்வரிப் பகுதி நமக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் பண்டிதரும் பௌதிக ஆசிரியரும் ஒரே மனிதரில் கைகோத்தனர். தந்தியின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் குரலுக்கு இளி கிடைக்கும் என்பது இயற்கை விதி. புலவன் சொல்லைக் கணக்கால் சோதித்தார். கணக்கு இடறிய இடத்தில் மீண்டும் புலவனிடம் சென்றார். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்யும் காட்சி வருகிறது. வேட்டுவனின் வில்லும் இடையனின் கைவேலையும் சேர்ந்த அந்த நாட்டுப்புறக் கருவியிலிருந்தே அடிகளார் யாழின் உறுப்புகளை ஆராயத் தொடங்கியது, அவர் நூலின் ஆழ்ந்த சிறப்புகளுள் ஒன்று. வளைந்த கோடுடைய யாழினக் கருவி பர்மாவில் இன்றும் வாசிக்கப்படுகிறது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆராய்ச்சி பதினான்கு ஆண்டுகள் நீண்டது. இடையிலே இமயத்து மாயாவதியில் ‘பிரபுத்த பாரத’ ஆசிரியப் பணி, மட்டக்களப்பில் பள்ளிப் பணி, 1942-இல் மதுரை இயற்றமிழ் மாநாட்டுத் தலைமை, 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. இத்தனைக்கும் நடுவே ஏடுகள் அவருடன் பயணம் செய்தன. பாயிரவியல் முதல் ஒழிபியல் வரை ஏழு இயல்களாக ‘யாழ் நூல்’ முடிந்தது. கணக்கு நிறைந்த அந்நூலுக்குள் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களும் ‘நீரர மகளிர்’ என்னும் செய்யுளாக இடம்பெற்றன. கவிஞர் அல்லாத ஒருவருக்கு இது தோன்றியிராது.

1947 ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் நூல் அரங்கேறியது. அடிகளாரின் உடல் அப்போதே தளர்ந்திருந்தது. அவர் கணித்த அளவின்படி செய்யப்பட்ட முளரியாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்த்தண்டி வீணை ஆகியவற்றை அன்பர்கள் ஏந்தி ஊர்வலமாகச் சென்றனர். சங்கீத பூஷணம் க.பொ.சிவானந்தம் பிள்ளை யாழ்களை மீட்டினார். ஏட்டில் எழுத்தாகக் கிடந்த ஒலியைப் புலவர் பேரவை செவியாற் கேட்டது. ஆறு வாரங்கள்தாம் கழிந்தன. ஜூலை 19-ஆம் நாள் கொழும்பில் அடிகளார் மறைந்தார்; வயது 55. அவர் வளர்த்த மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நூல் நின்றது. அதன் கணக்குகளைப் பற்றி இசையறிஞர் வாதிட்டனர்; ஏற்றும் மறுத்தும் எழுதினர். கருவிக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. கணித்தவர் மறைந்தபின், கற்பிக்கும் ஆசானும் கற்கும் மாணவரும் வழிவழியாக அமையவில்லை. கச்சேரி மேடைகள் வீணைக்குப் பழகியிருந்தன. அன்று யாழ் மீட்டிய சிவானந்தம் பிள்ளையும் பின்னர் நாடறிய வாசித்தது வீணையைத்தான்.