லீபிக் உரம் ஏன் வேலை செய்யலை?

ஏற்காடு ட்ரிப்ல தேசிய ஆர்க்கிடேரியத்தைப் பார்த்துட்டு, இறங்கும்போது ஆசையா ஒரு ஆர்க்கிட் செடி வாங்கி வந்தவரா நீங்கள்? அப்போ இது உங்களுக்குத்தான். நானும் வாங்கினேன். நாமக்கல்காரன் ஆச்சே, சும்மா கிடைத்த கோழி எருவை அள்ளிப் போட்டேன். பத்தே நாளில் வேர் கருகிப் போச்சு. ஏன்னு தேடப் போய்த்தான் யுஸ்டஸ் ஃபான் லீபிக்கின் கதை கிடைத்தது. கெமிஸ்ட்ரி லேப் கண்டென்சரில் பெயர் இருக்கே, அவரேதான். (அதைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை, பிரபலமாக்கியவர்.)

1803-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தார். அப்பா பெயின்ட், ரசாயனம் விற்கிற வியாபாரி. லீபிக்குக் 13 வயதானபோது, 1816-ல், ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. விளைச்சல் போய் பஞ்சம் வந்தது. 21 வயதில் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். நம்ம வயசு! மாணவர்களே கையால் சோதனை செய்து படிக்கிற லேப் முறையைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

செடி மண்ணில் உள்ள மக்கைச் சாப்பிட்டு வளர்கிறது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். இல்லை, அது எடுப்பது தாது உப்புகளை என்று 1840-ல் புத்தகம் எழுதி வாதாடினார் லீபிக். எந்தச் சத்து குறைவோ அதுதான் வளர்ச்சிக்கு எல்லை போடும் என்ற விதியையும் பரப்பினார். முதலில் சொன்னவர் கார்ல் ஸ்ப்ரெங்கல், பெயர் என்னவோ லீபிக்குக்கு. புராஜெக்ட் டீம்ல நாலு பேர் ரெடி, கோடிங் தெரிந்தவன் மட்டும் வரலைன்னா என்ன ஆகும்? அதே கதைதான்.

1845-ல் சொந்தமா ஒரு உரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். படுதோல்வி. மழை கரைத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, உப்புகளைச் சூளையில் உருக்கி, கரையாதபடி செய்திருந்தார். கரையாததை வேர் எப்படி உறிஞ்சும்? போதாக்குறைக்கு, நைட்ரஜன் காற்றிலிருந்தே போதுமான அளவு கிடைக்கும் என்று அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வயலில் லாஸும் கில்பர்ட்டும் கோதுமை விளைத்து அது தப்பு என்று காட்டினார்கள். மனுஷன் வருஷக்கணக்கா அவர்களோடு சண்டை போட்டார். கரையாத உர விஷயத்தில் மட்டும் தன் தப்பை 1862 பதிப்பில் ஒப்புக்கொண்டார். எனக்குப் பிடித்த லீபிக் அந்த லீபிக்தான். 1873-ல் மியூனிக்கில் இறந்தார்.

இப்போ உங்கள் தொட்டிக்கு வாங்க. கரியும் செங்கல் துண்டும் போட்ட தொட்டியில் மண்ணே கிடையாது. நீங்கள் கரைத்து ஊற்றுவதுதான் ஆர்க்கிட்டுக்குச் சாப்பாடு. அதனால் நீரில் முழுசா கரைகிற உரமா பாருங்க. பாக்கெட்டில் 19:19:19 என்பதோடு நிற்காமல், நைட்ரஜன் எந்த வடிவத்தில் இருக்கு என்றும் படியுங்க. யூரியாவை மாற்றித்தர நுண்ணுயிர்கள் வேணும், கரியில் அவை குறைவு. நைட்ரேட் அதிகமா இருந்தால் நல்லது. லிட்டருக்கு 1 கிராமைத் தாண்ட வேணாம், வாரம் ஒருமுறை போதும், நடுவில் வெறும் தண்ணீர். சேலம் வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வேரில் வெள்ளையாப் படியும். வெறும் தண்ணீர்தான் அதைக் கழுவும்.

என் இரண்டாவது செடி புது வேர் விட்டிருக்கு. கோழி எரு மக்கிட்டு இருக்கு, அது அம்மாவின் கத்தரிச் செடிக்கு.