மலைப்பாதை அமைத்த துறவி

தாய்லாந்தின் வடபகுதியில் சியாங் மாய் நகரை ஒட்டி உயர்ந்து நிற்கிறது தோய் சுதேப் மலை. அதன்மேல் புத்தபிரானின் திருவுடற்சின்னத்தைத் தாங்கிய பொன் தூபி ஒளிர்கிறது. இன்று வாகனங்களில் எளிதாக மேலே செல்லும் பக்தர்கள், அடிவாரத்திலுள்ள ஒரு துறவியின் சிலையை முதலில் வணங்கிவிட்டே புறப்படுகின்றனர். அந்தப் பாதையை அமைத்தவர் அவரே. ஸ்ரீவிஜயர் என்னும் அவரது பெயர் தாய் மொழியில் சீவிச்சை என ஒலிக்கும். மதிப்பிற்குரிய துறவியருக்கு வடபகுதி மக்கள் வழங்கும் ‘குரூபா’ என்ற அடைமொழியைச் சேர்த்தே அவரை அழைப்பர்.

1878-ஆம் ஆண்டு லம்பூன் பகுதியின் பாங் என்ற சிற்றூரில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பதினெட்டு வயதில் சாமணேரராகிப் பின்னர் பிக்குவானார். புலாலைத் துறந்தார், வெற்றிலையையும் புகையிலையையும் விலக்கினார், நாளுக்கு ஒருவேளை மட்டுமே உண்டார். அவரது தூய வாழ்வால் ஈர்க்கப்பட்ட எளிய மக்கள், காட்டிலும் மலையிலும் வாழ்ந்த கரேன் மக்கள் உட்பட, திரளாக அவரை நாடி வந்தனர். பலர் தங்கள் பிள்ளைகளுக்குத் துறவு அளிக்குமாறு வேண்டினர்.

சோதனை அங்கேதான் தொடங்கியது. வடபகுதி முன்னர் லன்னா என்ற தனி அரசாக விளங்கியது. அங்கே மூத்த துறவி தகுதியுடையோருக்குத் துறவு அளிப்பது பழைய மரபு. 1902-ஆம் ஆண்டின் சங்கச் சட்டமோ நாடு முழுவதிலுமுள்ள பிக்குகளைப் பாங்காக்கின் ஆளுகைக்குள் கொணர்ந்தது. அரசின் அங்கீகாரம் பெற்ற உபாத்தியாயர் மட்டுமே துறவு அளிக்கலாம் என்றாயிற்று. ஸ்ரீவிஜயர் குருபரம்பரை வழியை விடவில்லை. அதிகாரிகள் அவரை லம்பூன் நகர விகாரையில் காவலில் வைத்தனர். 1920-இல் விசாரணைக்காகப் பாங்காக்கிற்கு அனுப்பினர். அங்கே சங்கத் தலைவராக இருந்த இளவரசர் வஜிரஞாணர் அவரிடம் பெருங்குற்றம் எதையும் காணவில்லை. விடுதலை பெற்றுத் திரும்பிய அவர் எவர்மீதும் பகை பாராட்டாமல், பாழடைந்த விகாரைகளைப் புதுப்பிப்பதில் ஈடுபட்டார். அவர் சீரமைத்தவை நூற்றுக்கும் மேற்பட்டவை.

தோய் சுதேப் தூபியைத் தரிசிக்க அந்நாளில் செங்குத்தான காட்டுவழியே நடந்து ஏறவேண்டும். முதியோருக்கு அது எட்டாக்கனி. 1934 நவம்பர் 9 அன்று சியாங் மாயின் கடைசி மன்னர் காவ் நவரத் முதல் மண்வெட்டியை இட, பாதைப்பணி தொடங்கியது. அரசுப் பணம் இல்லை, கூலியும் இல்லை. ஊர் ஊராக மக்கள் மண்வெட்டியும் அரிசியுமாக வந்து, தமக்குப் பிரித்தளிக்கப்பட்ட பகுதியை வெட்டினர். ஏறத்தாழ பதினொன்றரை கிலோமீட்டர் மலைப்பாதை ஆறே மாதங்களில், 1935 ஏப்ரல் 30 அன்று திறக்கப்பட்டது.

ஆனால் அந்த மக்கள் திரளே அதிகாரிகளின் ஐயத்தை மீண்டும் கிளறியது. பல விகாரைகள் அரசின் சங்க ஆளுகையை விட்டு அவரைப் பின்பற்றின. அதே ஆண்டிலேயே அவர் மறுபடியும் பாங்காக்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரிடம் துறவு பெற்ற பலர் காவியைக் களைய நேர்ந்தது. அவருக்கு இதைவிடப் பெரிய வேதனை இருந்திருக்க முடியாது. சங்க விதிகளுக்கு இணங்குவதாக ஏற்றுக்கொண்டு 1936-இல் ஊர் திரும்பினார். பிங் நதி எதிர்த்து ஓடும்வரை சியாங் மாயில் காலடி வைப்பதில்லை என அவர் உறுதி பூண்டதாக வடபகுதி மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். தாம் அமைத்த பாதையில் அவர் மீண்டும் நடக்கவில்லை.

எனினும் அவர் கைகள் ஓயவில்லை. அதே பிங் நதியின் குறுக்கே லம்பூனையும் சியாங் மாயையும் இணைக்கும் பாலம் ஒன்றைத் தொடங்கினார். அது நிறைவுறுமுன் 1939-இல், தாம் பிறந்த ஊரிலேயே உடல் நீத்தார். சீடர்கள் அப்பாலத்தை முடித்தனர்.

துறவளிக்கும் உரிமையை அதிகாரம் அவரிடமிருந்து பறிக்க முடிந்தது. தொண்டு செய்யும் உரிமையைப் பறிக்க முடியவில்லை. தமக்கென எதையும் வேண்டாத ஒருவர் அழைத்தபோது மலையே வழிவிட்டது. அவர் மீண்டும் நடவாத அந்தப் பாதையில் இன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இறைவனடி நாடிச் செல்கின்றனர்.