துடுப்புக்கு ஓய்வு கொடுத்தவர்!



படகின் பின்பக்கம் ஒரு மோட்டாரை மாட்டிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிக் கரைக்குத் தூக்கி வந்துவிடலாம். இதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். இத்தகைய மோட்டாரைச் சிலர் முன்பே செய்து பார்த்திருந்தனர். ஆனால், சாதாரண மக்கள் நம்பி ஓட்டும்படி செய்து காட்டியவர் ஓலே எவின்ரூட்.

இவர் 1877ஆம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தார். ஐந்து வயதானபோது குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் விவசாயம் செய்து வாழ்ந்தனர். ஓலேவின் பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோனது. அவர் மனமோ இயந்திரங்களையே சுற்றி வந்தது. 16 வயதில் மாடிசன் நகருக்குச் சென்று வேலையில் சேர்ந்தார். வேலை நேரம் போக, பொறியியலைத் தாமாகவே படித்துக் கற்றுக்கொண்டார்.

பிறகு மில்வாக்கி நகரில் தொழில் தொடங்கினார். அங்கே பெஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். ஒரு கோடை நாளில் நண்பர்களுடன் இருவரும் ஒகாச்சி ஏரிக்கு உல்லாசப் பயணம் போனார்கள். பெஸ் ஐஸ்கிரீம் கேட்கவே, ஓலே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கினார். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டது! படகுக்கு ஒரு மோட்டார் இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அன்றுதான் உதித்தது என்பார்கள்.

பெஸ்ஸைத் திருமணம் செய்துகொண்ட ஓலே, 1907ல் மோட்டார் செய்யத் தொடங்கினார். அதைப் பார்த்த பெஸ், காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் போல இருக்கிறதே என்று கேலி செய்தார். 1909ல் அது படகில் ஓடிக் காட்டியது. எடை ஏறத்தாழ 28 கிலோ. திறன் ஒன்றரை குதிரைசக்தி. விளம்பரம், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் பெஸ் கவனித்தார். 1912ல் தொழிற்சாலையில் 300 பேர் வேலை செய்தனர்.

ஆனால், ஒரு தொல்லை இருந்தது. நடு ஏரியில் நின்றுபோன மோட்டார் மறுபடி கிளம்பாவிட்டால் என்ன ஆகும்? கரை எங்கோ, நாம் எங்கோ!

பெட்ரோல் மோட்டார் கிளம்ப மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலந்த கலவை, அதை அழுத்தும் பிஸ்டன், பற்றவைக்கும் மின்பொறி. கலவையைத் தயாரிப்பது கார்புரேட்டர். குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. அதனால் 'சோக்' மூலம் காற்றைக் குறைப்பார்கள். அளவு மீறினால் பெட்ரோல் மிகுந்து ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும், பொறி வராது. பல மாதங்கள் தேங்கிய பெட்ரோல் பிசின் போலாகி, கார்புரேட்டரின் சிறு துளையை அடைத்துவிடும். எவின்ரூட்டின் முதல் மோட்டாரில் இழுப்பதற்குக் கயிறுகூடக் கிடையாது. மேலே உள்ள சக்கரத்தின் குமிழைப் பிடித்து வேகமாகச் சுழற்ற வேண்டும். கை தவறினால் விரல்முட்டி பெயர்ந்துவிடும்!

இதற்கிடையே பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. மனைவியைவிடத் தொழில் பெரிதல்ல என்று எண்ணிய ஓலே, நிறுவனத்தைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டார். மனைவி, மகனுடன் ஊர் ஊராகப் பயணம் செய்தார். ஆனாலும், சிந்தனை ஓயவில்லை. அலுமினியத்தில் இரண்டு சிலிண்டர் கொண்ட புதிய மோட்டாரை உருவாக்கினார். எடை சுமார் 22 கிலோதான். திறனோ மூன்று குதிரைசக்தி. பேட்டரியிலிருந்து பொறி கிடைத்ததால், சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினாலும் மோட்டார் கிளம்பியது.

பழைய நிறுவனத்திடம் அதைக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டனர். ஓலே சோர்ந்துவிடவில்லை. 1921ல் 'எல்டோ' என்ற பெயரில் தாமே தயாரித்து விற்றார். வெற்றி கிடைத்தது! 1929ல் பழைய எவின்ரூட் நிறுவனமும் எல்டோவும் ஒன்றாக இணைந்தன. அதன் தலைவரானார் ஓலே.

1933ல் பெஸ் காலமானார். அடுத்த ஆண்டே, 1934ல் ஓலேயும் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்கள் 2020 வரை தயாரிக்கப்பட்டன.

செல்வங்களே! கிளம்பாத மோட்டாரைத் திட்டியோ தட்டியோ பயனில்லை. கலவையா, அழுத்தமா, பொறியா, எது குறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடை கிடைக்கும். வராத கணக்குக்கும் இதுவே வழி!