33 அடி சங்கிலியும் தாமஸ் மன்றோவும்

தருமபுரியில் இடம் வாங்கப் போனா முதல் கேள்வியே 'சென்ட் என்ன விலை?' இந்த ஏக்கர், சென்ட் கணக்கு நம்ம பக்கம் வேரூன்றியதில் ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கும் பங்கு உண்டு.

தாமஸ் மன்றோ, 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இங்கே வந்தார். 1799 வரை இந்தப் பக்கம்தான். வேலை, நிலத்தை அளந்து வரி போடுவது. அதுவரை குழி, வள்ளம்னு ஊருக்கு ஊர் அளவு மாறும். அளவு பிசகினா விவசாயி தலையில்தான் விடியும்.

இங்கே பழகிய வேலையைப் பிறகு ராயலசீமையில் பெரிதாகச் செய்தார். எல்லா ஊருக்கும் ஒரே சங்கிலி, நீளம் 33 அடி. 33-க்கு 33 சதுரம் போட்டா 1,089 சதுர அடி. அப்படி 40 சதுரம் சேர்ந்தா 43,560, அதாவது மிகச் சரியாக ஒரு ஏக்கர். கணக்குப் போட்டுப் பாருங்க! அதில் நூறில் ஒரு பங்குதான் இன்றைய சென்ட், 435.6 சதுர அடி.

மன்றோ கம்பெனிக்கு வரி வசூலிக்க வந்தவர்தான், மறுக்க முடியாது. ஆனாலும் அளந்து முடித்தபின், 1807-ல், வரியைக் கால் பங்கு குறைக்கச் சொன்னார். மேலிடம் கேட்கவில்லை. 1820-ல் அவரே மெட்ராஸ் கவர்னரான பிறகுதான் அங்கே வரி குறைந்தது. 1827 ஜூலையில் அதே சீமையில் சுற்றுப்பயணம் போனபோது, பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.