குயவர் மகனுக்காகச் சங்கத்தைக் கலைத்தவர்

கல்கத்தா மைதானத்தில் கால்பந்து பார்க்கும் நம்மவர்கள் அறிய வேண்டிய பெயர், நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. பிறந்தது 1869-இல். சிறுவனாக இருந்தபோது, 1877-இல், வெள்ளைச் சிப்பாய்கள் ஆடிய பந்து உருண்டு வர, அதைத் திருப்பி உதைத்தார். அதுவே ஆரம்பம். ஹேர் பள்ளித் தோழர்களிடம் சந்தா பிரித்துப் பந்து வாங்கினார். அது ரக்பி பந்து என்பது பிறகுதான் தெரிந்தது!

வளர்ந்தபின் பல சங்கங்களைத் தொடங்கினார். வெலிங்டன் சங்கத்தில் குயவர் மகன் ஒருவரைச் சேர்க்க மேல்சாதி அங்கத்தினர்கள் மறுத்தனர். சங்கத்தையே கலைத்துவிட்டார். 1887-இல் ஷோபாபஜார் சங்கம் பிறந்தது. குயவர் மகனும் அதில் ஆடினார். 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே ராணுவ அணியை அச்சங்கம் வென்றது.

1940-இல் மறைந்தார். ஞாயிறுதோறும் அணி சேர்த்து ஆடும் நம் இளைஞர்கள், ஆள் சேர்க்கும்போது அவரை நினைத்துக்கொள்வது நல்லது.