அம்மா அழுதும் ஊர் திரும்பாத ரமணர்... மகாதீபத்தின் முன் ஒரு வாழ்க்கை!
கார்த்திகை வந்தாலே சீரியல் லைட்டா, அகல் விளக்கா என்று வீடுகளில் பேச்சு ஓடும். திருவண்ணாமலையில் எந்த அலங்காரமும் இல்லாமல், வெறும் கோவணத்தோடு வாழ்ந்தவர் ரமண மகரிஷி.

1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 16 வயதில் மதுரை வீட்டைவிட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1-ல் இங்கே வந்துசேர்ந்தார். மிச்சக் காசையும் அய்யங்குளத்தில் வீசிட்டார்.

தேடி வந்த அம்மா அழகம்மாள் அழுது கூப்பிட்டும் திரும்பிப் போகவில்லை. பல வருஷம் கழித்து, அம்மாவே மகனிடம் வந்து மலையில் தங்கிவிட்டார். 1922-ல் அவர் மறைந்ததும், அந்தச் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது.

மலையுச்சியில் மகாதீபம் ஏறும் மாலையில் ஆசிரமத்திலும் ஒரு தீபம் ஏறும். ரமணர் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை அவர் திருவண்ணாமலையைவிட்டு நகரவே இல்லை.