ஆனந்த குமாரசாமியாரும் கைத்தொழிலும்

ஒரு தொழில் அழிகின்றதெனின், அதனைச் செய்வார் குறைவதற்கு முன்னரே அதனை விரும்பி வாங்குவார் குறைந்திருப்பர். இவ்வுண்மையைத் தம் வாணாள் முழுதும் வற்புறுத்திய பெரியார் ஒருவரது வரலாற்றை இத்திங்கள் நம் அன்பர்கட்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம். நம் முன்னோருட் பலர் கைத்தொழிலாற் சீவித்தவராதலின், இவ்வரலாறு நமக்குப் பெரிதும் உரியதாம்.

ஆனந்த குமாரசாமியார் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசாமி என்னும் தமிழ்ப் பெருமகனார்; தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. இலங்கையிற் புகழ்பெற்ற இராமநாதனும் அருணாசலமும் முத்துக்குமாரசாமியாருடைய உடன்பிறந்தாளின் புதல்வராவர். குழந்தைக்கு இரண்டாண்டு நிரம்புமுன்னரே, 1879-இல், தந்தையார் காலஞ்சென்றார். ஆதலின் தாயாரின் நாடாகிய இங்கிலாந்திலே வளர்ந்த குமாரசாமியார், இலண்டன் மாநகரில் நிலநூலும் தாவரநூலும் பயின்று தேறினார்.

1903-ஆம் ஆண்டு அவர் இலங்கைக் கனிப்பொருளாராய்ச்சித் துறையின் தலைவராக அமர்ந்தார். தோரியனைட் என்னும் அரிய கனிப்பொருளைக் கண்டறிந்த பெருமையும் அவரைச் சாரும். பாறைகளை ஆராய்வான் வேண்டிக் கண்டி நாட்டு மலையூர்களிற் சுற்றியபோது, ஆங்குள்ள நெசவாளர், பொற்கொல்லர், அரக்குவேலை செய்வோர், ஓவியர் முதலாயினாரை அவர் கண்ணுற்றார். அவர்தம் கைத்திறம் அவரது உள்ளத்தைக் கவர்ந்தது. அவர்தம் வறுமை அதனைப் புண்படுத்தியது.

அவ்வறுமைக்குக் காரணம் யாதென ஆராய்ந்தார். கண்டி மன்னர் காலத்திற் கம்மியர்க்கு ஊழிய நிலங்கள் இருந்தன. நிலம் சோறளித்தமையின், அவர்கள் அவசரமின்றித் திருத்தமாக வேலை செய்தனர். 1815-இல் அவ்வரசு வீழ்ந்தது. 1832-இல் அரச ஊழியம் சட்டத்தால் நீக்கப்பட்டது. குடிகட்கு அது விடுதலையேயாயினும், கம்மியனுக்கு வேலையளித்த அரண்மனை இல்லாதொழிந்தது. அதன்மேல் இங்கிலாந்தின் ஆலைத்துணி மலிந்த விலையில் வந்து குவிந்தது. செல்வர் வீட்டாரோ பிறர் உடையையே மேலெனக் கருதலாயினர். இம்மூன்றும் ஒருங்கு கூடியே தொழிலை நலித்தன.

1905-இல் ஐரோப்பிய உடையைப் போலி செய்யும் வழக்கத்தைக் கண்டித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் உடையைப் புறத்தோற்றமென இகழ்ந்துவிட்டாரல்லர். ஒரு குடும்பம் தன் உடையை மாற்றிக்கொள்ளின், அதனை நெய்வார், சாயமிடுவார், தைப்பார் ஆகிய பல குடும்பங்களின் பிழைப்பு மாறுகின்றது என்பதனை உணர்ந்திருந்தார்.

தாம் கண்டவற்றையெல்லாம் தொகுத்து, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை 1908-இல் நிறைவேற்றினார். வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர் கையாண்ட கை அச்சுப்பொறியிலேயே, தம் நேர்பார்வையில் 425 பிரதிகளை அச்சிடுவித்தார். கைத்தொழிலைப் போற்றும் நூல் கைத்தொழிலாலேயே ஆதல் வேண்டும் என்பது அவரது கருத்துப் போலும். அந்நூலுக்கு நிழற்படங்கள் எடுத்துதவியவர் அவருடைய முதல் மனைவியாராகிய எதெல் அம்மையார். அவ்வம்மையார் பின்னர் இங்கிலாந்தில் தறியமைத்து, தாவரச் சாயங்களைப் பற்றி 1916-இல் நூலும் எழுதி, அந்நாட்டுக் கைந்நெசவுக்கு வழிகாட்டியானார்.

இந்தியாவிற் சுதேசிக் கிளர்ச்சி ஓங்கியபோது குமாரசாமியார் அதனை ஆதரித்தார். ஆயினும் அதன்கண் ஒரு குறையையும் எடுத்துக்காட்டினார். அயலார் ஆலையின் அழகற்ற பொருளை நம்மவர் ஆலையிற் செய்துவிடுதலால் மட்டும் நாட்டுக்கு உய்தி இல்லை என்றார். அவ்வுரை அன்று பலர்க்குக் கசந்தது. தாம் அரிதின் ஈட்டிய கலைப்பொருள்களைக் காசியில் ஒரு காட்சிச்சாலை அமைத்து வைக்க விரும்பினார், அது கைகூடவில்லை. 1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கலைக்கூடம் அப்பொருள்களையும் ஏற்றது. அவரையும் இந்தியப் பகுதியின் காப்பாளராக ஏற்றது.

முப்பதாண்டுகள் ஆங்கே பணியாற்றினார். எனினும், கலைப்பொருளுக்கு உரிய இடம் கண்ணாடிப் பேழையன்று, மாந்தரின் அன்றாட வாழ்வே என்று, பேழைகளின் நடுவிலிருந்தே 1943-இல் நூல் எழுதினார். தாய்நாடு திரும்பும் எண்ணங் கொண்டிருந்தார். இந்தியா விடுதலை பெற்ற 25 நாட்களின் பின், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அவ்வெண்ணம் நிறைவேறாமலே அமெரிக்காவில் உயிர் துறந்தார்.

நிற்க. கண்டிப் பகுதியின் தும்பறைப் பாய் நெசவு 2021-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. இது மகிழ்தற்குரியதே. ஆயினும் பட்டியல் எவருக்கும் கூலி கொடாது. பாயை விரித்து அமர்வாரே கூலி கொடுப்பர். நம் இல்லங்களிலும் அங்ஙனமே. பாட்டியின் சேலையைப் பேழையில் வைத்துப் போற்றும் நாம், பேத்தியின் திருமணச் சேலையை நெய்தவர் யாரென ஒருகால் உசாவுவோமாக. விலை சிறிது கூடினும், கைத்தறியிலிருந்து ஒரு சேலையேனும் வாங்குவோமாக. குமாரசாமியார்க்கு நாம் செய்யத்தகும் நினைவுக்கடன் அதுவேயாம்.